புள்ளி முதலா, எழுத்து முதலா? புற்றுநோய் பற்றி ஓர் இழை

4 ஜனவரி 2025, மாலை 6.15 (கேள்வி: குடியாத்தம் மாணவர்)

அண்ணே, நீங்க திசு லேபில் வேலை செய்வதாக முன்னாடி ஒருமுறை எழுதியிருந்தீங்க, அதனால்தான் கேட்கிறேன். எம்.எஸ்சி. விலங்கியல் முதல் வருஷம் படிக்கிறேன். புற்றுநோய் என்றால் டி.என்.ஏ.வில் எழுத்து மாறிப்போவது என்று பாடத்தில் இருக்கு. யூடியூபில் ஒருத்தர், "மியூட்டேஷன் எல்லாம் பழைய கதை. எல்லாமே எபிஜெனெடிக்ஸ்தான். எழுத்து மாறவே இல்லை, அதனால சாப்பாட்டை மாத்தினா எல்லாம் திரும்பிடும்" என்கிறார். பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். இரண்டில் எது சரி?

4 ஜனவரி, இரவு 10.50

தம்பி, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கணும் என்று கேட்பதிலேயே கோளாறு இருக்கு. எழுத்து மாறுவதும் நிஜம். எழுத்து மாறாமலே மரபணு வாயடைத்துப் போவதும் நிஜம், அதற்குத்தான் எபிஜெனெடிக்ஸ் என்று பெயர். ஒன்று மற்றதைப் பெற்றுப் போடுகிறது. வேலூரில் பத்தொன்பது வருஷமாக மெழுகு பிளாக்கை மைக்ரோடோமில் வைத்து ஸ்லைடு வெட்டுகிற எனக்கு இது புரியவே பாதி சர்வீஸ் ஆகிவிட்டது.

தமிழ் எழுத்தை வைத்தே சொல்கிறேன். "க" எழுது. தலையில் ஒரு புள்ளி வை. "க்" ஆகிவிட்டது. வடிவத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை, ஆனால் உள்ளே இருந்த உயிர் அடங்கிப்போச்சு. மெத்திலேற்றம் என்பது இதுதான். ஏ, டி, ஜி, சி என்ற நாலு எழுத்தில் சி, அதாவது சைட்டோசின், அதன் மேல் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில் போய் உட்காரும். பெரும்பாலும் சி-க்குப் பக்கத்திலேயே ஜி வருகிற இடங்களில். அதைச் சி.ஜி. இடம் என்று வைத்துக்கொள். மரபணுவின் வாசலில், அதாவது அதைப் படிக்கத் தொடங்கும் இடத்தில், இந்தப் புள்ளிகள் கும்பலாக விழுந்தால் அந்த மரபணு பேசாது. கண்ணுக்கும் கல்லீரலுக்கும் ஒரே டி.என்.ஏ.தானே? எங்கே எது அடங்கியிருக்கணும் என்பதை இந்தப் புள்ளிகளும், டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மேல் விழும் குறிகளும் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன. செல் இரண்டாகும்போது புள்ளிகளும் படியெடுக்கப்படும்.

மியூட்டேஷன் வேறே. அங்கே எழுத்தே மாறுகிறது. "கலை" என்று இருந்தது "தலை" ஆகிவிடும்.

மீதி நாளைக்கு.

5 ஜனவரி, காலை 5.40

படுத்தும் தூக்கம் வரவில்லை. முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தா எழுதிவைத்த மருந்துக் குறிப்பு ஓலைக்கட்டு ஒன்று இருக்கு. அதில் ஒரு புள்ளியைப் பார்க்க முடியாது. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும், அதனால் வைக்காமலே எழுதினார்கள். படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது.

டி.என்.ஏ.விலும் புள்ளி வைத்த இடம் பொத்துக்கொள்ளும். இதைத்தான் நேற்று விட்டுவிட்டேன்.

சைட்டோசின் ஒரு உறுதியில்லாத எழுத்து. உடம்புச் சூட்டிலும் தண்ணீரிலும் தானாகவே அதன் அமைன் என்ற நைட்ரஜன் துணுக்கு கழன்று விழும், ஒவ்வொரு செல்லிலும் நாளுக்கு நூறு இடம் அளவில். புள்ளி இல்லாத சி கழன்றால் அது யு, அதாவது யுராசில் ஆகிறது. யு ஆர்.என்.ஏ.வின் எழுத்து, டி.என்.ஏ.வில் அதற்கு வேலையே இல்லை. தமிழ்ப் பக்கத்தின் நடுவில் ஆங்கில எழுத்து ஒன்று விழுந்தால் புரூஃப் பார்ப்பவர் கண்ணில் உடனே படுமே, அந்த மாதிரி ஒரு நொதி வந்து அதை வெட்டி எடுத்துவிடும். புள்ளி வைத்த சி கழன்றால் ஆவது டி. அது டி.என்.ஏ.வின் சொந்த எழுத்து. "தலை" என்று அச்சாகியிருந்தால் அதுவும் தமிழ்ச் சொல்தானே, கண் தாண்டிப் போய்விடும். எதிர்ச் சரத்தில் சி-யின் ஜோடியான ஜி இருக்க இங்கே டி இருக்கிறதே என்று சந்தேகப்பட்டுத் திருத்தும் நொதிகளும் உண்டு, ஆனால் அவை மெதுவானவை. திருத்துவதற்குள் செல் படியெடுத்துவிட்டால் அந்தத் தவறே மூலப்பிரதி.

நம் மரபணுத் தொகுதியில் சி.ஜி. இடங்கள் கணக்குப்படி இருக்க வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். மற்றவை பரிணாமக் காலம் முழுக்க இப்படியே டி-யாகக் கழன்று தேய்ந்துபோயின. கட்டி வராமல் தடுக்கும், புற்றுநோயில் அதிகம் அடிபடும் பி53 மரபணுவை எடுத்துக்கொள். 175, 248, 273 என்ற மூன்று இடங்களில் (ஒவ்வொரு எண்ணும் மூன்று எழுத்துள்ள ஒரு சொல்) பிழைகள் குவிந்து கிடக்கும். மூன்றும் சி.ஜி. இடங்கள், மூன்றிலும் சாதாரண செல்லிலேயே புள்ளி உண்டு. வயசாக ஆக எல்லாருடைய செல்லிலும் கடிகாரம் மாதிரி ஏறிக்கொண்டே போகிற பிழையும் இந்த சி-டி மாற்றம்தான்.

உன் யூடியூப்காரரிடம் கேள்: எபிஜெனெடிக் குறி விழுந்த அதே இடத்தில்தான் மியூட்டேஷன் விழுகிறது என்றால், இரண்டையும் எந்தக் கத்தியால் பிரிப்பார்?

5 ஜனவரி, மதியம் 1.20

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்கணும். புள்ளி எங்கே விழுந்தாலும் மரபணு அடங்கும் என்று எடுத்துக்கொள்ளாதே. வாசலில் விழுந்தால்தான் அடங்கும். மரபணுவின் உடலுக்குள் விழும் புள்ளி அடக்காது, நன்றாக வேலை செய்யும் மரபணுக்களின் நடுவிலும் அது ஏராளம். பி53-இன் அந்த மூன்று இடங்களும் உடலுக்குள் இருப்பவை. அதனால்தான் புள்ளியோடும் பேசிக்கொண்டும் இருக்கிறது. வாசல்களில் பொதுவாகப் புள்ளி இருக்காது.

இன்னொன்று. புற்றுச் செல்லில் புள்ளி கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1983-இல் ஃபைன்பெர்க்கும் வோகல்ஸ்டைனும் குடல் கட்டிகளில் முதலில் பார்த்தது இதற்கு நேர் எதிர்: பக்கத்து நல்ல திசுவைவிடக் கட்டியில் புள்ளிகள் குறைந்திருந்தன. மொத்தத்தில் குறைகிறது, சில வாசல்களில் மட்டும் வந்து குவிகிறது. இரண்டும் ஒரே செல்லில்.

8 ஜனவரி, இரவு 11.30

ஆம்பூரிலிருந்து எழுதும் நர்ஸ் அக்கா கேட்டது: "இதெல்லாம் படிக்க நல்லா கீது, ஆனா நோயாளிக்கு இன்னா வித்தியாசம்? புள்ளியோ எழுத்தோ, கட்டி கட்டிதானே?"

அக்கா, வித்தியாசத்தை என் வீட்டிலேயே பார்த்தேன். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

2022-இல் என் பெரியம்மாவுக்கு, அப்போது 74 வயசு, வலது பக்கப் பெருங்குடலில் கட்டி. பேர்ணாம்பட்டில் நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். ரத்தசோகைக்கு மாத்திரை மாத்திரையாக முழுங்கிக்கொண்டிருந்தார், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆபரேஷன் முடிந்து பிளாக் எங்கள் லேபுக்கே வந்தது. நானே வெட்டினேன். டாக்டர் நாலு ஐ.எச்.சி. ஸ்டெயின் கேட்டிருந்தார். டி.என்.ஏ. படியெடுக்கும்போது வரும் தவறுகளைத் திருத்தும் நாலு புரதங்களுக்கானவை அவை. புரதம் இருந்தால் செல்லின் கரு பழுப்பாக மாறும், இல்லாவிட்டால் அடிச் சாயத்தின் நீலத்திலேயே நிற்கும். அவற்றில் ஒன்றான எம்.எல்.எச்.1-க்கான ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். சுற்றியிருந்த நல்ல செல்களெல்லாம் பழுப்பு. கட்டி முழுக்க நீலம். அதன் ஜோடி பி.எம்.எஸ்.2-வும் நீலம், ஏனென்றால் எம்.எல்.எச்.1 இல்லாமல் அது தனியாக நிற்காது.

எம்.எல்.எச்.1 போனால் லிஞ்ச் நோய்க்குறியாக இருக்கலாம் என்று பாடம். அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது, பாதிக்குப் பாதி வாய்ப்பு. அன்றைக்கு ராத்திரியே அண்ணனுக்கு, அதாவது பெரியம்மா மகனுக்கு, போன் பண்ணி, "இது பரம்பரையா வர்றதா இருக்கலாம், எல்லாரும் கொலனோஸ்கோபி பண்ணிக்கணும்" என்று சொல்லிவிட்டேன். டாக்டரின் ரிப்போர்ட் வரவில்லை, அடுத்த பரிசோதனை நடக்கவில்லை. நான் டெக்னீஷியன். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"இன்னாடா சொல்ற, என் பொண்ணுக்கும் வருமா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். விஷயம் எப்படியோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், தேதியைத் தள்ளிவைத்தார்கள். அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

இரண்டரை வாரம் கழித்துக் கட்டியின் மற்ற பரிசோதனைகள் வந்தன. பிராஃப் என்ற மரபணுவில் வி600இ என்ற மாற்றம் இருந்தது. லிஞ்ச் கட்டிகளில் அது மிக மிக அபூர்வம். எம்.எல்.எச்.1-இன் வாசலில் மெத்தில் பரிசோதனை பண்ணினார்கள். வாசல் முழுக்கப் புள்ளி. பெரியம்மாவின் எம்.எல்.எச்.1-இல் ஒரு எழுத்தும் மாறவில்லை, கட்டியின் செல்களில் மட்டும் வாயை அடைத்துவிட்டிருந்தது. ரத்தத்தில் அது இல்லை. பிள்ளைகளுக்குப் போகவில்லை.

வயசான காலத்தில், வலது பக்கக் குடலில் எம்.எல்.எச்.1 காணாமல் போனால் பெரும்பாலும் காரணம் இந்த மெத்திலேற்றம்தான், பெண்களுக்குச் சற்று அதிகம். 1997-லிருந்தே தெரிந்த விஷயம் இது. குடல் கட்டிகளில் நூற்றுக்குப் பதினைந்து அளவில் இந்தத் திருத்தும் புரதங்கள் போனவை, லிஞ்ச் என்பது அதில் சிறு பங்கு, சுமார் மூன்று. இது எனக்குத் தெரிந்தே இருந்தது. பெரியம்மாவின் பிளாக் என்றதும் கை நடுங்கிவிட்டது.

புள்ளியா எழுத்தா என்பதில் ஒரு வீட்டின் நிச்சயதார்த்தம் தொங்கும், அக்கா.

9 ஜனவரி, காலை 6.00

பெரியம்மா எப்படி இருக்கிறார் என்று ஐந்தாறு பேர் கேட்டிருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறார். கட்டி இரண்டாம் நிலையில் நின்றுவிட்டிருந்தது, இந்த வகைக் கட்டிக்கு அந்த நிலையில் வழக்கமான 5-எஃப்.யு. கீமோ பெரிதாக உதவாது என்று டாக்டர் கீமோவே கொடுக்கவில்லை. அண்ணன் மகளின் கல்யாணம் 2023 ஆவணியில் நடந்தது, அதே மாப்பிள்ளைதான். அண்ணி பேசுகிறார்.

11 ஜனவரி, இரவு 9.15

பெரியம்மா கட்டியில் எம்.எல்.எச்.1-ஐ அடைத்தது புள்ளிதான். ஆனால் அது அங்கேயே நிற்கவில்லை. எம்.எல்.எச்.1 அடங்கியதும் புரூஃப் பார்ப்பவர் வீட்டுக்குப் போய்விட்டார். ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் பிழைகள் திருத்தப்படாமல் நின்றன. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்களில், உதாரணமாக ஏ-க்கள் எட்டு பத்து வரிசையாக நிற்கும் இடத்தில், ஒன்று கூடும், ஒன்று குறையும். மைக்ரோசாட்டலைட் நிலையாமை, எம்.எஸ்.ஐ., என்று ரிப்போர்ட்டில் வருவது இதுதான். மற்றக் குடல் கட்டிகளைவிடப் பத்து மடங்குக்கு மேல் பிழை இந்தக் கட்டிகளில் குவியும்.

இவ்வளவு பிழையான புரதங்களைச் சுமக்கும் கட்டியை உடம்பின் நோயெதிர்ப்புச் செல்கள் அந்நியமாகப் பார்க்கும். பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து அந்தச் செல்களின் பிரேக்கை எடுத்துவிடுகிறது. 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி கொடுத்தபோது குடலா கருப்பையா வயிறா என்று கேட்கவே இல்லை, எம்.எஸ்.ஐ. இருந்தால் போதும் என்றது. உறுப்பைப் பார்க்காமல் மூலக்கூறு அடையாளத்தை மட்டும் பார்த்துக் கொடுத்த முதல் அனுமதி அது. நம்மூர் விலையில் எத்தனை பேருக்கு எட்டும் என்பது பெரிய துக்கம்.

மாணவருக்கு ஒரு வார்த்தை. 1971-இல் நட்சன், கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா குழந்தைகளின் கணக்கை வைத்து, கட்டி வர இரண்டு அடி வேண்டும் என்றார். மரபணுவின் இரண்டு பிரதியும் போகணும். எல்லாரும் இரண்டு அடியும் எழுத்துப்பிழை என்றே படித்தோம். 1989-இல் அந்த நோய்க்குக் காரணமான ஆர்.பி. மரபணுவின் வாசலில் புள்ளிகள் குவிந்திருந்த கட்டிகளைக் கண்டார்கள். ஒரு அடி எழுத்தாகவும் மறு அடி புள்ளியாகவும் இருக்கலாம். பரம்பரையாக வந்த பிழைக்கு எதிர்ப் பிரதியைப் புள்ளி அடைத்த கட்டிகளும் உண்டு.

15 ஜனவரி, மாலை 4.00

மாட்டுப் பொங்கல் இன்று. ஊருக்குப் போய் வந்தேன். பாலாற்றில் மணல்தான். கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலை) வறுத்துக்கொண்டிருக்கும்போது மாமா கேட்டார், "பூஞ்சை புடிச்சத தின்னா கேன்சர் வரும்ன்றாங்களே, அது உன் புள்ளியா?"

இல்லை மாமா, அது புள்ளி பக்கமே போகாத வழி. ஈரத்தோடு மூட்டை கட்டிய மல்லாட்டையில் வளரும் ஒரு பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை விடும். கல்லீரல் அதை உடைக்கப்போய் இன்னும் கொடியதாக்கிவிடும், அது ஜி-யில் போய் ஒட்டிக்கொள்ளும். 1991-இல் சீனாவிலும் தெற்கு ஆப்பிரிக்காவிலும் உள்ள கல்லீரல் கட்டிகளில் பி53-இன் 249-ஆம் இடத்தில் ஜி இருந்த இடத்தில் டி திரும்பத் திரும்ப வந்ததைக் கண்டார்கள். அது சி.ஜி. இடமே அல்ல. வெளியிலிருந்து வந்த நஞ்சு தன் கைரேகையை விட்டுப்போயிருக்கிறது. கறுத்ததை, சுருங்கியதைப் பொறுக்கி எறியுங்கள், செக்குக்கும் அதை அனுப்பாதீர்கள்.

ஆனால் பீடிப் புகையின் கதை வேறே. பென்சோபைரீன் என்ற புகைப்பொருள் ஜி-யில் ஒட்டும்போது, பக்கத்து சி-யின் மேல் புள்ளி இருந்தால் அங்கே கூடுதலாக ஒட்டுகிறது. பி53-இன் 248, 273 அந்தப் பட்டியலிலும் வருகின்றன. வெளியிலிருந்து வரும் நஞ்சுக்குக்கூட எங்கே உட்கார வேண்டும் என்று புள்ளி இடம் காட்டுகிறது.

17 ஜனவரி, இரவு 10.05

மேல்விஷாரத்து பாய், தோல் ஷெட்டில் வேலை, குரோமியம் பற்றிக் கேட்டிருந்தார்.

பாய், இரண்டு குரோமியத்தைப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் தோல் பதனிடும் டிரம்மில் போடுவது மூவிணைதிறன் உப்பு. நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியானது ஆறிணைதிறன் குரோமேட். ராணிப்பேட்டையில் மூடிய ஆலை விட்டுப்போன, லட்சம் டன்னைத் தாண்டிய கழிவு மேட்டைப் பற்றி ஊர் பயப்படுவது அந்தக் குரோமேட்டால்தான்.

குரோமேட்டு நேராக டி.என்.ஏ.வைக் கிழிக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஜப்பானில் வருஷக்கணக்காகக் குரோமேட் தூசு சுவாசித்த தொழிலாளர்களின் நுரையீரல் கட்டிகளைப் பார்த்தவர்களுக்கு பி53 பிழை எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே கிடைத்தது. பல கட்டிகளில் மைக்ரோசாட்டலைட் நிலையாமை இருந்தது. நுரையீரலில் அது அபூர்வம். எம்.எல்.எச்.1 புரதமும் அவற்றில் குறைந்திருந்தது. பி16 என்ற காவல் மரபணுவின் வாசலில் மெத்திலும் கண்டார்கள். படித்தபோது பெரியம்மாவின் நீல ஸ்லைடு கண் முன் வந்தது. ஒரு உலோகம், ஒரு குடல், வழி ஒன்றாகவே தெரிகிறது.

டிரம் பக்கம் வேலை செய்யும்போது மாஸ்க் போடுங்கள் பாய்.

19 ஜனவரி, இரவு 11.50

திருப்பத்தூரிலிருந்து ஒருவர் என்னை நன்றாக மடக்கியிருக்கிறார். "நீங்க எல்லாத்தையும் கடைசியில் எழுத்துப்பிழைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறீங்க. எழுத்தே மாறாமல் புற்றுநோய் வராதா?" என்று கேட்டு, 2024 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்த பழ ஈ ஆய்வைச் சொன்னார்.

உட்கார்ந்து படித்தேன். பிரான்சில் மோன்பெலியே ஆய்வகம். பாலிகோம்ப் என்ற புரதக்கூட்டம் மரபணுக்களை மூடிவைக்கும் காவல். ஈயின் புழுப் பருவத்தில் அந்தக் காவலைக் கொஞ்ச நேரம் மட்டும் எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார்கள். காவல் திரும்பி வந்துவிட்டது, கட்டி திரும்பவில்லை. வளர்ந்துகொண்டே போனது. டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்தால் அதை விளக்கும் எழுத்து மாற்றம் இல்லை.

ஒத்துக்கொள்கிறேன். இதுவரை எழுதியதில் நான் எழுத்துப் பக்கம் சாய்ந்திருந்தேன், புள்ளியை எழுத்துக்கு வேலைக்காரன் மாதிரி ஆக்கிவிட்டேன். குழந்தைகளின் மூளையில் பின்பக்கம் வரும் எபெண்டிமோமா கட்டிகளில் ஒரு வகையை 2014-இல் முழுக்கப் படித்தபோது திரும்பத் திரும்ப வரும் எழுத்துப்பிழை ஒன்றும் சிக்கவில்லை, மெத்தில் ஒழுங்கு மட்டும் புரண்டிருந்தது. 2000-இல் புற்றுநோயின் அடையாளங்களைத் தொகுத்த இருவரில் ஹனஹன் 2022-இல் அதைப் புதுப்பித்தபோது, மியூட்டேஷன் இல்லாத எபிஜெனெடிக் மறுநிரலாக்கத்தையும் சேர்த்தார். எழுத்து எதுவும் மாறாமல் தொடங்கும் கட்டி உண்டு.

ஆனால் இன்னொரு பக்கமும் பாருங்கள். நடுவயதைத் தாண்டியவர்களின் நல்ல கண்ணிமைத் தோலை 2015-இல் படித்தபோது புற்றுநோய் மரபணுப் பிழைகள் அங்கங்கே விதைத்த மாதிரி கிடந்தன. கட்டி இல்லை. எழுத்து மட்டும் மாறினால் போதாது என்பதற்கும் அதுவே சாட்சி.

26 ஜனவரி, காலை 11.30

லீவு நாள். ஒரு வாரமாக மனசில் ஓடிக்கொண்டிருப்பதை எழுதிவிடுகிறேன்.

எழுத்திலிருந்து புள்ளிக்குப் போகும் வழி. 2008-இல் மூளைக் கட்டிகளில் ஐ.டி.எச்.1 என்ற மரபணுவின் 132-ஆம் இடத்தில் ஒரே பிழை மறுபடி மறுபடி வருவதைக் கண்டார்கள். அந்த நொதி செல்லின் எரிபொருள் வேலையைச் செய்யும் சாதாரண நொதி, புற்றுநோயோடு அதற்கு என்ன சம்பந்தம் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. பிழையான நொதி 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற பொருளைச் செய்கிறது. அது போய் டெட் என்ற நொதிகளை அடைத்துவிடும். டெட்தான் புள்ளிகளை அழிக்கும் ரப்பர். ரப்பர் முடங்கினால் புள்ளிகள் தொகுதி முழுக்கக் குவியும். ஒரே ஒரு எழுத்து மாறியதில் ஆயிரக்கணக்கான வாசல்களில் புள்ளி.

ரத்தப் புற்றுநோயில் டி.என்.எம்.டி.3ஏ. அதுதான் புள்ளி வைக்கும் எழுத்தாணி. 2010-இல் தெரிந்தது, அதன் 882-ஆம் இடம் அடிக்கடி உடைகிறது. வயசானவர்களின் ரத்தத்தில், நோய் இல்லாமலே, இந்தப் பிழையோடு செல் கூட்டங்கள் மெதுவாகப் பெருகுகின்றன.

அந்த இரண்டு இடங்களிலும் டி.என்.ஏ.வில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். ஐ.டி.எச்.1-இன் 132 சி.ஜி.டி. டி.என்.எம்.டி.3ஏ-வின் 882 சி.ஜி.சி. இரண்டும் சி.ஜி.யில் தொடங்குகின்றன. அதிகம் காணும் பிழை இரண்டிலும் அதே மாற்றம்: 5-ஆம் தேதி எழுதியது, புள்ளி வைத்த சி கழன்று டி ஆவது. சில நேரம் இந்தச் சரத்தில், சில நேரம் எதிர்ச் சரத்தில்.

புள்ளி வைத்த இடம் பொத்துக்கொண்டது. பொத்தலாகியது புள்ளி வைக்கும் எழுத்தாணியே. அதன் பிறகு புள்ளிகளெல்லாம் தாறுமாறு. பத்தொன்பது வருஷத்தில் எனக்கு இதைவிட மயிர்க்கூச்செறிந்த விஷயம் இல்லை. எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் மீதியை எழுதினேன்.

2 பிப்ரவரி, இரவு 9.40

சாப்பாட்டு விஷயத்தைத் தள்ளிக்கொண்டே வந்தேன். குடியாத்தம் தம்பி இரண்டு தரம் நினைவுபடுத்திவிட்டான்.

புள்ளியைத் திரும்ப எடுக்க முடியும் என்பது உண்மை. அசாசிடிடின் என்ற மருந்து 2004-லேயே மைலோடிஸ்பிளாசியா என்ற எலும்பு மஜ்ஜை நோய்க்கு அனுமதியானது, டெசிடபின் 2006-இல். டி.என்.ஏ.வுக்குள் நுழைந்து, புள்ளி வைக்கும் நொதியைப் பிடித்துக் கட்டிவிடும். செல் பிரிந்தால்தான் வேலை செய்யும். பெரும்பாலும் ஊசியாகக் கொடுப்பது, ரத்த எண்ணிக்கை விழும், வாரா வாரம் பார்க்கணும். அப்படி ஒரு மருந்துகூட இந்த மரபணுவின் புள்ளியை மட்டும் எடு, அதை விட்டுவிடு என்று தேர்ந்தெடுக்காது. குடல், மார்பகம் மாதிரித் திடக் கட்டிகளில் அது ரத்த நோய்களில் தந்த பலனைத் தரவில்லை.

சாப்பாட்டுக்கும் புள்ளிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மெத்தில் வருவதே ஃபோலேட், கோலின் வழியாக. மெத்தில் சத்தே இல்லாத தீனி போட்ட எலிகளுக்குக் கல்லீரல் கட்டி வந்திருக்கிறது. அது பட்டினி போட்டதால் வந்த கதை. கீரை தின்று எம்.எல்.எச்.1-இன் வாசலைத் திறந்தவர் ஒருவரும் இல்லை. பெரியம்மா கட்டியில் எம்.எல்.எச்.1-ஐத் திறந்திருந்தால்கூட, அது அடைந்திருந்த காலத்தில் குவிந்த ஆயிரக்கணக்கான எழுத்துப்பிழைகள் அப்படியேதான் இருந்திருக்கும். அந்த யூடியூப்காரரைக் கேட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தால் கட்டி இரண்டாம் நிலையில் நின்றிருக்காது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

புள்ளி நோயாளிக்கு உதவுவதும் உண்டு. மூளையில் கிளியோபிளாஸ்டோமா கட்டிக்கு டெமோசோலமைடு கொடுப்பார்கள். எம்.ஜி.எம்.டி. என்ற பழுதுபார்க்கும் மரபணு கட்டியில் புள்ளியால் அடங்கியிருந்தால் மருந்து நன்றாகப் பிடிக்கும், பேசிக்கொண்டிருந்தால் மருந்து செய்த சேதத்தை அது சரிபண்ணிவிடும். 2005-இல் உறுதியானது. சிகிச்சைக்கு முன்னால் அந்த மெத்தில் பரிசோதனையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

9 பிப்ரவரி, காலை 7.00

தம்பி கேட்டது: சாதாரண சீக்வென்சிங்கில் புள்ளி தெரியாதே, எப்படிப் பார்க்கிறார்கள்? டி.என்.ஏ.வைப் பைசல்பைட்டில் ஊறவைப்பார்கள். புள்ளி இல்லாத சி எல்லாம் யு ஆகிவிடும், புள்ளி உள்ளது சி-யாகவே நிற்கும். பிறகு படித்தால் எது நின்றது என்று தெரியும். செல்லில் புள்ளி வைத்ததுதான் பிழையாகிறது, குழாயில் புள்ளி வைத்ததுதான் பிழைக்கிறது. பரீட்சையில் இரண்டையும் குழப்பிவிடாதே.

23 பிப்ரவரி, இரவு 10.20

அண்ணன் மகள் இந்த இழையை முழுக்கப் படித்திருக்கிறாள். யார் கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை. இன்று வேலூர் வந்தவள், "சித்தப்பா, அந்த ஸ்லைடு இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். பிளாக்கும் ஸ்லைடும் எறிய மாட்டோம். டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுத்து வைத்தேன்.

ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "நீலமா கீறதெல்லாம்தான் அந்த நோயா?"

ஆமாம் என்றேன்.

"சுத்தி பழுப்பா கீதே?"

"அது ஆயாவோட நல்ல செல்."

தலையை எடுக்காமலே, "அப்ப எங்களுக்கு வந்தது அந்தப் பழுப்பு" என்றாள்.